தொப்பி கழற்ற மறந்த ஏழு பேரும் என் அம்மாவின் தீர்மானமும்

முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஒதுக்கிய இடத்தில் என் அம்மா வண்டியை நிறுத்தினால், யாராவது ஒரு நல்லவர் வந்து கண்ணாடியைத் தட்டுவார்.

"ஏம்மா, இது ராணுவத்துல இருந்தவங்க நிறுத்துற இடம். வீட்டுக்காரர் உள்ள போயிருக்காரா?"

"வீட்டுக்காரர் மரம் அறுக்கிற மில்லுல இருக்கார். அவருக்குத் துப்பாக்கின்னாலே ஆகாது. மானைக்கூட கேமராவாலதான் சுடுவார்" என்பாள் அம்மா. பிறகு இறங்கி, கதவைப் பூட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் உருளைக்கிழங்கு வாங்கப் போய்விடுவாள். அந்த நல்லவர் வண்டியின் நம்பர் பலகையில் 'முன்னாள் ராணுவம்' என்று எழுதியிருப்பதை அப்போதுதான் படிப்பார். அவர் முகம் சிவப்பதை முன்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. டிக்கெட் இல்லை.

அம்மாவின் பெயர் ஜோலீன் ஹியட்டலா. அமெரிக்காவில், லேக் சுப்பீரியர் என்ற பெரிய ஏரியின் கரையில், ஸ்டோன் ஹார்பரில் பிறந்தவள். அவள் பள்ளி முடித்த காலத்தில் இங்கே பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வேலைதான் இருந்தது. ஒன்று மீன் சுத்தம் செய்வது, இன்னொன்று பெட்ரோல் பங்கில் காசு வாங்குவது. இரண்டிலுமே எத்தனை முறை குளித்தாலும் வாசம் போகாது. அதனால் பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள். அவர்கள் அவளை ஈராக்கில் டீசல் டேங்கர் ஓட்டச் சொன்னார்கள். வாசம் விஷயத்தில் அம்மாவுக்கு அவ்வளவாக அதிர்ஷ்டம் கிடையாது.

எது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடிய ஊரில் ஒரு குளம் அளவு டீசலை முதுகில் கட்டிக்கொண்டு போய்வந்தவள். அதைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "ரோடு நல்லா இருந்துச்சு. நம்ம ஊரு மாதிரி பனிக்குழி கிடையாது."

திரும்பி வந்து என் அப்பா கர்டிஸைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பெற்றாள். இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். நான் ஏதாவது செய்து தலைமையாசிரியர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, அவளுடைய மஞ்சள் பேருந்து ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். உள்ளே முப்பது பிள்ளைகள் கத்துவார்கள். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. "டீசலே தேவலாம். வாயை மூடிக்கிட்டு வரும்" என்பாள்.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். பெற்ற தாயின் கர்ப்பத்தடை மாத்திரையைப் பற்றி ஒரு மகள் எழுதுவது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஆனால் ஊரே பேசி முடித்த பிறகு நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

சீருடையில் இருந்தவரை அம்மாவுக்கு அந்த மாத்திரை சும்மா கிடைத்தது. சீருடையைக் கழற்றியதும் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே மருந்து உண்டு, ஆனால் நம் பங்குக்கு ஒரு தொகை கட்டவேண்டும். பள்ளி அலுவலகத்தில் இருக்கும் டோரீன் ஒருநாள்கூட ராணுவ பூட்ஸ் போட்டவள் இல்லை. அவளுக்கு இன்ஷூரன்ஸ் வழியாக அதே மாத்திரை ஒரு பைசா இல்லாமல் வருகிறது. சட்டம் அப்படி. அந்தச் சட்டம் நாடெல்லாம் நடந்துபோய், ராணுவத்தினர் மருத்துவமனை வாசலில் வந்ததும் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை.

தொகை பெரிது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு குளிர்காலத்தில் எங்கள் வண்டியின் ஹீட்டர் செத்துப்போனது. இங்கே ஜனவரியில் ஹீட்டர் இல்லாத வண்டி என்பது சக்கரம் வைத்த ஐஸ் பெட்டி. கையில் இருந்தது ஹீட்டருக்குப் போனது. 'மாத்திரையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அம்மா விட்டாள்.

அப்படி வந்தவர்கள்தான் என் தம்பி வெஸ்லியும் தங்கை ஹேசலும். இரட்டையர். இப்போது நான்கு வயது. இரண்டு பேரும் சேர்ந்தால் எங்கள் வீட்டு நாய் தானாகவே கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய வாஷிங்டனில் ஒரு மசோதா இருக்கிறது என்று மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி அம்மாவிடம் சொன்னாள். முன்னாள் ராணுவத்தினருக்கும் மற்ற பெண்களைப் போலவே மாத்திரை சும்மா கிடைக்கவேண்டும் என்கிற மசோதா. "உங்க ஊர்ச் சங்கத்துல ஒரு தீர்மானம் போட்டு மாநிலக் கூட்டத்துக்கு அனுப்புங்க ஜோலீன். அங்க ஒத்துக்கிட்டா வாஷிங்டன்ல காது கொடுப்பாங்க. கிழவங்க கேட்டா அவங்களால மறுக்க முடியாது."

சிக்கல் அந்தக் கிழவர்கள்தான்.

எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் அம்மா ஒருத்திதான் பெண் உறுப்பினர். முதல்முறை போனபோது, "மனைவிமார் சங்கம் புதன்கிழமைம்மா" என்று வாசலிலேயே சொன்னார்கள். அம்மா ராணுவத்தில் பணி முடித்ததற்கான சான்றிதழை நீட்டினாள். படித்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், உள்ளே விட்டார்கள், பிறகு வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கோஸ் நறுக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு ராணுவம் என்றால் மீசை, பெண் என்றால் கோஸ். இரண்டையும் சேர்த்து யோசித்துப் பழக்கமில்லை.

தீர்மானத்தைக் கொண்டுவரப் போகிறாள் என்று தெரிந்ததும் அப்பா சாப்பாட்டு மேசையில் கேட்டார். "ஏன் ஜோலீன், அவங்க முன்னாடி எழுந்து நின்னு அந்த வார்த்தையைச் சொல்லப்போறியா? உங்க சங்கத் தலைவர் வெண்டலுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்திருக்கு."

"கர்டிஸ், நீ உன் பாஸ்டியைச் சாப்பிடு."

அப்பா இறைச்சியும் கிழங்கும் அடைத்த அந்தப் பாஸ்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான், "அம்மா, தயவுசெஞ்சு பேரை மாத்திக்கோ, ஊரை விட்டுப்போயிடலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்து, ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "அங்க போய்க் கோஸ் நறுக்கியிருக்கேன்டி. கொடி பிடிச்சிருக்கேன். செத்தவங்களுக்கு மரியாதை துப்பாக்கி சுட்டிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு கேக்கும்போது எனக்காக எத்தனை பேர் கையைத் தூக்குறாங்கன்னு பாக்கணும். யாரும் தூக்கலைன்னா சங்கத் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுவேன்."

அவள் அலமாரியில் அந்தத் தொப்பிக்கு மட்டும் தனித் தட்டு உண்டு. மாநிலக் கூட்டம் அடுத்த மாதம். அதற்கு முன் ஊர்ச் சங்கம் கூடுவது இந்த ஒரு முறைதான்.

சங்கக் கட்டடத்தில் இரண்டு பாதி. ஒரு பாதி கூட்ட அறை, மறுபாதி பார். நடுவே ஒரு ஊசல் கதவு. கூட்ட அறையில் சங்கத் தொப்பியை அணிந்தே ஆகவேண்டும், விதி. பாருக்குள் தொப்பியோடு போகவே கூடாது, அது விதியைவிடப் பெரியது. பாரில் ஒரு பித்தளை மணி தொங்கும். யாராவது தொப்பியோடு காலை வைத்தால் பாரை நடத்தும் பெவ் அந்த மணியை அடிப்பாள். மாட்டியவர் அங்கே வெறுந்தலையோடு இருக்கும் எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தரவேண்டும். உறவு, வயது, பதவி எதுவும் செல்லாது. ஒருமுறை பாதிரியாரே மாட்டியிருக்கிறார்.

அன்று மாலை அப்பாவுக்கு மில்லில் வேலை. அதனால் இரட்டையரைப் பிடித்துக்கொண்டு நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஏழு பேர். மேசையில் கமாண்டர் வெண்டல் டெர்வோ. பக்கத்தில், கூட்டத்தில் ஜெபம் சொல்லும் லீராய் பூஷார். இவர் பேசினால் ஏரிக்கு அந்தப் பக்கம் கனடாவில் கேட்கும். மூன்றாவது நாற்காலியில் எல்வுட். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மற்ற நாலு பேர், அவர்கள் பெரும்பாலும் தலையாட்டுவதற்கு வந்தவர்கள்.

கொடிக்கு வணக்கம் வைத்தார்கள். ஜெபம் முடிந்தது. ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசினார்கள், ரொம்ப நேரம், ரொம்ப சந்தோஷமாக. கூரைக்குப் பிறகு வெண்டல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அடுத்தது... ஜோலீன் கண்ணு ஏதோ படிக்கணும்னு சொல்லுச்சு" என்றார்.

அம்மா எழுந்தாள். தொப்பியை நேராக்கினாள். "கர்ப்பத்தடை மருந்துகளை முன்னாள் ராணுவத்தினருக்கு..."

அவ்வளவுதான். நாலு பேரில் ஒருவருக்கு வண்டி விளக்கை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது. இன்னொருவருக்குத் தண்ணீர் தாகம். மூன்றாமவர் காரணமே சொல்லாமல், பூனை மாதிரி நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினார். நாலாமவர் அவருக்குத் துணையாகப் போனார். எல்வுட், "முதுகு பிடிக்குது" என்றபடி எழுந்தார், எந்த முதுகு பிடித்தவனும் அந்த வேகத்தில் எழுந்து நான் பார்த்ததில்லை. லீராய் கூரையைப் பார்த்துக்கொண்டே பாரின் ஊசல் கதவுப் பக்கம் மிதந்துபோனார்.

"அஞ்சு நிமிஷம் இடைவேளை!" என்று கத்திவிட்டு வெண்டலும் ஓடினார்.

அம்மா தனியாக நின்றாள். கையில் காகிதம். எதிரே காலி நாற்காலிகள். போதுமான ஆள் இல்லாமல் கூட்டம் கலைந்தால் தீர்மானமும் கலைந்துபோகும், அது அவர்களுக்கும் தெரியும். அவள் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. எனக்கு அந்த ஏழு பேரின் காபியிலும் உப்பைக் கொட்டவேண்டும்போல் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை கொட்டியிருக்கிறேன், உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

டங். பிறகு டங், டங், டங். நிற்கவே இல்லை. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது என்று வெஸ்லி குதித்தான். பெவ்வின் குரல் மணிக்கு மேலே கேட்டது. "ஏழு பேர்! ஒரே நேரத்துல ஏழு பேர்! கர்த்தாவே, இதைப் பார்க்கத்தான் என்னை உயிரோட வச்சிருந்தியா!"

ஓடின அவசரத்தில் ஒருவர்கூடத் தொப்பியைக் கழற்றவில்லை.

அம்மா காகிதத்தை மடித்தாள். தன் தொப்பியைக் கழற்றி பெல்ட்டில் செருகினாள். பிறகுதான் கதவைத் தள்ளினாள். நான் கைக்கு ஒருவராக இரட்டையரை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பாரில் வேறு வாடிக்கையாளர் யாருமில்லை. ஏழு கிழவர்கள் தலையில் கைவைத்தபடி, போலீஸிடம் மாட்டினவர்கள் மாதிரி நின்றார்கள். கைக்கு அடியில் தொப்பி.

"வெறுந்தலையோட இருக்கிறது யாரு?" என்று பெவ் கேட்டுவிட்டு, தானே பதிலும் சொன்னாள். "ஜோலீன் மட்டும்தான். ஜோலீனுக்கு ஏழு கிளாஸ். என்ன ஊத்தட்டும் செல்லம்?"

"ஒண்ணும் வேண்டாம் பெவ். காலையில பஸ் எடுக்கணும்."

வெண்டலுக்கு மூச்சு வந்தது. "நல்ல பொண்ணு. அப்ப விஷயம் முடிஞ்சுதுல்ல?"

"முடியல கமாண்டர். மணி அடிச்சாச்சு. எனக்குச் சேரவேண்டியதை நான் வேற மாதிரி வாங்கிக்கிறேன். ஏழு பேரும் உள்ள வந்து உக்காருங்க. நான் படிச்சு முடிக்கிறவரைக்கும் யாருக்கும் தாகம் எடுக்கக் கூடாது, முதுகு பிடிக்கக் கூடாது."

"அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா. மணின்னா குடிதான்."

"யார் சொன்னது?" என்றாள் பெவ். "வாங்கிக்கிறவ இஷ்டம். போன வருஷம் மணி அடிச்சப்ப குடிக்குப் பதிலா நீ என்கிட்ட ஊறவச்ச முட்டையா வாங்கிக்கிட்டே வெண்டல், மறந்துட்டியா?"

எல்லோரும் லீராயைப் பார்த்தார்கள். ஜெபம் சொல்பவர் என்பதால் இந்த மாதிரி இடங்களில் அவர் தீர்ப்புதான். லீராய் பெருமூச்சு விட்டார். பாட்டில்கள் அதிர்ந்தன. "மணி அடிச்சா அடிச்சதுதான். நடங்கப்பா."

வரிசையாக உள்ளே போனார்கள், தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு. அம்மாவும் வைத்துக்கொண்டாள். இந்த முறை காகிதத்தைப் பிரிக்கவில்லை.

"சீருடையில இருந்தப்ப இதை சும்மா கொடுத்தாங்க. கழட்டினதும் காசு கேக்குறாங்க. டோரீனுக்கு சும்மா, எனக்குக் காசு. நான் செஞ்ச தப்பு ராணுவத்துல சேர்ந்ததா?"

அந்த நேரம் பார்த்து ஹேசல் என் கையிலிருந்து நழுவி வெண்டலின் மேசைக்கு அடியில் புகுந்தாள். வெஸ்லி அவள் காலைப் பிடிக்கப் போனான். மேசை ஆடியது.

"ஒரு ஜனவரியில வண்டி ஹீட்டரா மாத்திரையான்னு வந்துச்சு. நான் ஹீட்டரைப் போட்டேன்" என்றாள் அம்மா.

வெண்டல் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "இதுங்கதானா அது?"

"அதுங்கதான்."

"ரெண்டுமா?"

"ஹீட்டர் நல்லா வேலை செஞ்சுது கமாண்டர்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. இந்த ரெண்டுக்கும் நான் உயிரைக் கொடுப்பேன். ஆனா இன்னொரு பிள்ளை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது நானும் கர்டிஸுமா இருக்கணும். வண்டி ஹீட்டர் முடிவு பண்ணக் கூடாது. இவ்வளவுதான் கேக்குறேன்."

கூரையிலிருந்து பக்கெட்டில் சொட்டும் சத்தம். பிறகு எல்வுட் தொண்டையைக் கனைத்தார்.

"எங்களுக்கும் கொடுத்தாங்க" என்றார்.

"என்னது?"

"வியட்நாம்ல. ரப்பர் உறை. பொட்டி பொட்டியா. கையெழுத்துகூட வாங்கமாட்டான், அள்ளிக்கோன்னுவான்."

லீராய் கண்ணை மூடிக்கொண்டார். "எல்வுட், குழந்தைங்க இருக்கு."

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? துப்பாக்கி வாயில மாட்டுவோம். அங்க மழைன்னா மழை. குழலுக்குள்ள தண்ணி போகாம இருக்க அதைவிட நல்ல மூடி கிடையாது."

"ஆமாமா" என்றார் தலையாட்டும் நாலு பேரில் ஒருவர். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல்முறை. "நான் சிகரெட் பாக்கெட்டை அதுக்குள்ள போட்டு வைப்பேன். ஆத்தைத் தாண்டினாலும் நனையாது."

"நான் தீப்பெட்டி."

"நான் எங்கம்மா போட்டோ வச்சிருந்தேன்" என்றார் வெண்டல். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அறையே வெடித்தது. லீராய் சிரித்த சிரிப்பில் கொடிக்கம்பம் நகர்ந்தது. பெவ் கதவிடுக்கில் தலையை நீட்டி, "எல்வுட், அந்த வேலைக்கு மட்டும்தான் எடுத்தியா?" என்று கத்தினாள்.

"எனக்கு வாய்ச்சது துப்பாக்கி மட்டும்தான் பெவ்" என்றார் எல்வுட். அப்போது அவர் சிரித்தார். கீழ்வரிசையில் பல் இல்லை, அதனால்தான் இத்தனை வருஷம் மறைத்திருக்கிறார்போல.

சிரிப்பு அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எல்வுட், உங்க துப்பாக்கிக்கு மாட்டினதுக்கு யாராவது காசு கேட்டாங்களா?"

எல்வுட் தரையைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "ஒருத்தனும் கேக்கல."

கமாண்டர் தன் சுத்தியலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். "தீர்மானத்தை வழிமொழிய யாராவது..."

"நான்" என்றார் லீராய். ஜெபத்துக்கு வைத்திருக்கும் குரல் இல்லை, சின்னக் குரல். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. "என் பேத்தி நோரா வசந்த காலத்துல விமானப்படைக்குப் போறா. அவ திரும்பி வர்றப்ப இந்த வாசல்ல அவளையும் யாராவது மனைவிமார் சங்கத்துக்குப் போகச் சொன்னா, நான் அவனை ஏரியில தள்ளுவேன். எழுதிக்கோ வெண்டல். லீராய் பூஷார் வழிமொழிஞ்சார்."

"அந்த ஏரியில தள்றதையும் எழுதணுமா?"

"அதைத்தான் முதல்ல எழுது."

ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று சொல்லலாம் என்றார் வெண்டல். ஏழு தொண்டைகள் சொன்னதில் வெஸ்லியும் ஹேசலும் சேர்ந்துகொண்டு மேசைக்கு அடியிலிருந்து கத்தினார்கள். "கீழ இருந்து வந்த ஓட்டு ரெண்டும் செல்லாது" என்று கமாண்டர் அறிவித்துவிட்டு, சுத்தியலைத் தட்டினார். "தோழர் ஹியட்டலாவின் தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதா." சங்கத்து ஆண்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் சொல் அது, தோழர்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில், "கூரைக்கு நான் தார் கொண்டுவர்றேன்" என்றாள். எங்கள் வீட்டில் நன்றி சொல்வது அப்படித்தான்.

மாநிலக் கூட்டத்துக்கு யார் எடுத்துப்போவது என்று கேட்டபோது அம்மா ஒருத்தி போதும் என்றாள். ஏழு பேரும் அதைக் கேட்கவில்லை, கூடவே வருவோம் என்றார்கள். கூட்டம் நடக்கும் ஊரில் சூதாட்ட விடுதி இருக்கிறது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அங்கேயும் தீர்மானம் நிறைவேறியது. வாஷிங்டனில் மசோதா இன்னும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அம்மா மாதம் ஒருமுறை தொலைபேசியில் அதை எழுப்பிப் பார்க்கிறாள். மற்ற நாட்களில் எல்வுட் எழுப்புகிறார், அவருக்கு அங்கே எல்லா அலுவலகத்தின் எண்ணும் மனப்பாடம்.

அவர்கள் கிளம்பிப் போன காலையைச் சொல்லிவிடுகிறேன். தேவாலயத்துக்குச் சொந்தமான வேனை லீராய் இரவல் வாங்கியிருந்தார். அம்மா ஸ்டியரிங்கில். "வண்டி ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது, ஜன்னலுக்கு வெளிய கை நீட்டக் கூடாது, அடுத்தவனைக் கிள்ளக் கூடாது" என்று பேருந்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே சொன்னாள். ஏழு பேரும் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள். வேன் எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள், அணிவகுப்பில் நடக்கும்போது முன்னால் ஒருவர் பாட பின்னால் எல்லோரும் திருப்பிப் பாடுவார்களே, அந்த மாதிரி.

"சட்டை பூட்ஸு சும்மா தந்தான்!"

"சும்மா தந்தான்!"

"துப்பாக்கி குண்டும் சும்மா தந்தான்!"

"சும்மா தந்தான்!"

"கர்ப்பத்தடைக்குக் காசைக் கேட்டான்!"

"காசைக் கேட்டான்!"

ஞாயிற்றுக்கிழமை. தேவாலய வாசலில் எங்களோடு சேர்ந்து பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. வேனின் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. அந்த வார்த்தை வரும் இடத்தில் லீராய் கொஞ்சமும் குரலைக் குறைக்கவில்லை, எல்வுட் பல்லில்லாத வாயை அகலமாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் அனுபவித்துப் பாடினார், வெண்டல் தாளத்துக்கு வேன் கூரையைத் தட்டினார். பாதிரியார் மனைவி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை மாதிரித் தெரியவில்லை. டோரீன் படிக்கட்டில் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

அப்பா வெஸ்லியைத் தோளில் வைத்திருந்தார். "உங்கம்மாவுக்குப் பாட வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

"இப்பவும் வரலப்பா" என்றேன். ஆனால் வேன் மலைத்திருப்பத்தில் மறையும்வரை நான் உள்ளே போகவில்லை. பாட்டின் அடுத்த வரி என்ன என்று கேட்கவேண்டியிருந்தது.